ஈய எழுத்தும் இலக்கியமும்: சிங்கைத் தமிழ் அச்சுக்கூடங்கள்

சிங்கப்பூர்த் தமிழிலக்கியத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் புலவர்களைப் பற்றி எழுதுவர். பத்திரிகாசிரியர்களைப் பற்றி எழுதுவர். அவர்தம் நூல்களின் பொருளையும் நடையையும் ஆராய்வர். அந்நூல்களை அச்சிட்ட கூடங்களைப் பற்றி எழுதுவோர் மிக அரியர். நூலின் முகப்பிலே அடியில் சிறிய எழுத்தில் ஒரு பெயரும் ஓர் ஆண்டும் இருக்கும். நம் கண் அவ்வரியைக் கடந்து போய்விடும். ஆயினும் அந்த ஒரு வரியின் பின்னே எத்தனை பேர் உழைப்பு, எத்தனை பேர் கடன், எத்தனை நாள் காத்திருப்பு அடங்கியிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், இலக்கிய வரலாறு என்று நாம் சொல்லி வருவதிற் பாதி அச்சுத் தொழிலின் வரலாறே என்பது விளங்கும்.

இத்தீவில் அச்சுப் பொறி வந்த கதை மிகப் பழையது. 1819இல் ராபிள்ஸ் இங்கே கால் வைத்த நான்காண்டுகளுக்குள், இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த தாம்சன் என்னும் பாதிரியாரின் அச்சுப் பொறி சிங்கப்பூரில் இயங்கலாயிற்று. 1824ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வெளிவந்த 'சிங்கப்பூர் கிரானிக்கல்' இத்தீவின் முதற் செய்தித்தாளாகும். அந்தத் தொடக்க காலத்தில் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் மிஷன் அச்சுக்கூடத்தோடு நெருங்கிப் பழகியவர்களுள் முன்ஷி அப்துல்லா குறிப்பிடத்தக்கவர். மலாய் உரைநடையின் தந்தை என்று போற்றப்படும் அப்துல்லாவின் நாடிகளில் அரபுக் குருதியோடு தமிழ்க் குருதியும் ஓடியது. அவர் இளமையில் மலாக்காவிலே இரண்டரை ஆண்டு தமிழ் பயின்றவர். வணிகர்களின் மொழி தமிழாக இருந்தமையால் தந்தையார் தம்மை அதற்கு அனுப்பினார் என்று தம் வரலாற்றில் அவரே கூறுகிறார். எழுத்துக் கோக்கும் கலையையும் அவர் மிஷன் பாதிரிமாரிடத்தே கற்றார். 'ஹிக்காயத் அப்துல்லா' 1849இல் கல்லச்சில் இங்கே வெளியாயிற்று. தமிழறிந்த ஒருவர் மலாய் நூலை அச்சேற்றிய இந்நிகழ்ச்சியில், பின்னாளில் இந்நகர அச்சுக்கூடங்கள் எவ்வாறு அமையப் போகின்றன என்பதற்கு ஒரு முன்னறிவிப்பே இருக்கிறது எனலாம். ஒரே கூரையின் கீழ் நான்கு மொழி எழுத்துகள் புழங்குவது சிங்கப்பூர் அச்சுத் தொழிலின் இயல்பு.

தமிழைப் பொறுத்தமட்டில் அச்சுக்கலை நமக்குப் புதிதன்று. இந்திய மொழிகளுள் முதன்முதலில் அச்செழுத்துக் கண்டது தமிழேயாகும். 1578ஆம் ஆண்டு கொல்லத்திலே அன்றீக்கே அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்டது. பின்னர் 1713இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயருக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியவை, தாளோ அரிது. ஆகவே சீமையிலிருந்து வந்த பாலாடைக் கட்டிப் பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கிச் சிற்றெழுத்துகளை அங்கேயே வார்த்துக் கொண்டார்கள் என்பது அச்சு வரலாற்றில் வழங்கும் சுவையான செய்தி. தேவை வந்தவிடத்துக் கையில் அகப்பட்டதை உருக்கிக் காரியம் பார்ப்பது அச்சுத் தொழிலாளிக்கு அன்றே தொடங்கிய பழக்கம் போலும்!

சட்டமும் இதில் ஒரு பங்கு பெறுகிறது. கிழக்கிந்தியக் கும்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் அச்சுக்கூடம் வைக்க இருந்த கட்டுப்பாட்டை 1835இல் மெட்காப் நீக்கினார். சிங்கப்பூர் அப்போது இந்தியாவிலிருந்தே ஆளப்பட்டதால் அந்த விடுதலை இங்கும் எட்டியது. அவ்வாண்டிலேயே 'சிங்கப்பூர் பிரீ பிரஸ்' தோன்றியது. தமிழ்நாட்டில் தமிழரே அச்சுக்கூடம் நிறுவும் வழி திறந்ததும் இதனாலேயே. சென்னையில் எழுத்து வார்ப்பும் அச்சும் தழைத்த பின்னர்த்தான் கடல் கடந்த தமிழருக்கு எழுத்துகள் எளிதிற் கிடைக்கலாயின.

இன்று நாம் அறிந்தவற்றுள் காலத்தால் முற்பட்ட சிங்கப்பூர்த் தமிழ் நூலாக ஆய்வாளர் பலரும் குறிப்பது 'முனாஜாத்துத் திரட்டு'. நாகூரைச் சார்ந்த முகம்மது அப்துல் காதிறுப் புலவர் பாடிய இந்நூல் 1872இல் வெளிவந்தது. அதனை அச்சிட்டவர் அரசாங்க அச்சாளராகிய ஜே. பேட்டன் என்னும் ஆங்கிலேயர். இறைவனை இறைஞ்சும் இசுலாமியத் தமிழ்ப் பாடல்கள் அரசாங்க அறிக்கைகள் அச்சாகும் இடத்தில் அச்சாயின! அப்போது தமிழருக்கென்று தனியே ஓர் அச்சுக்கூடம் இங்கே அமைந்திருந்தால் புலவர் அங்கே போயிருக்கமாட்டாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் சி. கு. மகுதூம் சாயபு. 1870களில் அவர் நடத்திய 'தீனோதய வேந்திரசாலை' சிங்கைத் தமிழ் அச்சின் முதற் பெருங்கூடம் என்னும் தகுதி உடையது. அந்தப் பெயரிலேயே சற்று நிற்க விரும்புகிறேன். 'தீன்' என்பது மார்க்கத்தைக் குறிக்கும் அரபுச் சொல், 'உதயம்' வடசொல், இரண்டும் வடமொழிப் புணர்ச்சியில் இணைந்து 'தீனோதயம்' ஆகின்றன. நான் அவ்வாறே படிக்கிறேன். 'வேந்திரம்' என்பது யந்திரத்தின் திரிந்த வடிவம். அச்சியந்திரசாலை, வேந்திரசாலை, அச்சுக்கூடம், அச்சகம் என்று நம் முன்னோர் இத்தொழிலுக்கு இட்ட பெயர்களை வரிசைப்படுத்தினாலே தமிழ்நடை மாறி வந்த நூறாண்டுக் கதையைச் சொல்லிவிடலாம்.

மகுதூம் சாயபு 1875 அளவில் 'சிங்கை வர்த்தமானி'யையும், அடுத்துத் 'தங்கை நேசன்', 'ஞான சூரியன்' ஆகியவற்றையும் நடத்தியதாக அறிகிறோம். இவை பெயரளவில் அறியப்படுபவை. முழுமையாக நமக்கு வாய்த்தது 'சிங்கை நேசன்' ஒன்றே. விக்டோரியா மகாராணியாரின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி 1887ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள் திங்கட்கிழமை அதன் முதலிதழ் வெளிவந்தது. கிழமைதோறும் வந்த அவ்வேடு 1890 வரை வாழ்ந்தது. உலகச் செய்தி, உள்ளூர்ச் செய்தி, கடிதங்கள், செய்யுள்கள், விளம்பரங்கள் ஆகியவை அதிலே இடம் பெற்றன. 1888இல் அதிலே வந்த 'விநோத சம்பாஷணை' என்னும் உரையாடற் பகுதியைச் சிங்கப்பூர்ச் சிறுகதையின் முளை என்று பிற்காலத்தில் நா. கோவிந்தசாமி எடுத்துக்காட்டினார்.

ஆனால் இங்கே நாம் நோக்க வேண்டுவது பிறிதொன்று. 'சிங்கை நேசன்' தோன்றிய அதே 1887ஆம் ஆண்டில், அதே தீனோதய வேந்திரசாலையிலிருந்து யாழ்ப்பாணத்து வண்ணைநகர்ச் சதாசிவ பண்டிதர் இயற்றிய 'சிங்கை நகரந்தாதி'யும் 'சித்திர கவிகள்' என்பதும் வெளிவந்தன. அச்சிட்ட கூடம் இசுலாமியருடையது. பாடியவர் யாழ்ப்பாணத்துச் சைவர். கூலி கொடுத்தவருக்கு அச்சிட்டுக் கொடுப்பது வாணிக முறைதானே, இதில் வியப்பென்ன என்று கேட்கலாம். வியப்பு அதிலேதான் இருக்கிறது. சமயச் சங்கங்களும் சாதிச் சங்கங்களும் தனித்தனியே நின்ற காலத்தில், எல்லாரும் ஒருங்கே வந்து நின்ற ஒரு வாயில் அச்சுக்கூடத்தின் வாயில். ஈயத்துக்கு மதம் கிடையாது. அந்தாதியைக் கோத்த அதே 'க'கரமும் 'ம'கரமும் மறுநாள் பிரித்துப் போடப்பட்டு மற்றொரு விளம்பரத்திலே போய் நின்றிருக்கும்.

சித்திர கவி என்பதோ எழுத்துகளைத் தேராகவும் பாம்பாகவும் கட்டங்களில் அடைக்கும் வகை. ஏட்டில் எழுதுவோனுக்கு அது விளையாட்டு. நேர்கோட்டில் மட்டுமே அடுக்கத் தெரிந்த ஈய எழுத்துக்கோ பெருஞ்சோதனை. அத்தகைய பாடல்களை அச்சேற்ற ஒப்புக்கொண்ட கூடத்தின் துணிவை மெச்சத்தான் வேண்டும்.

நூல்கள் எப்படித் தப்பின?

அந்நாளைய நூல்கள் நமக்கு எவ்வாறு கிடைத்தன என்பது ஒரு முரண்பட்ட கதை. 1886இல் நீரிணைக் குடியேற்ற அரசு நூற்பதிவுச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. இங்கே அச்சாகும் நூல்களின் படிகளை அரசிடம் ஒப்படைத்துப் பதிவு செய்தல் வேண்டும். அவற்றின் பட்டியல் அரசிதழில் வெளியாகும். அவ்வாறு சேர்ந்த நூல்களுள் பல இலண்டனுக்குச் சென்று பிரிட்டிஷ் மியூசியத்தில் அடைக்கலம் புகுந்தன. மக்கள் எதை அச்சிடுகிறார்கள் என்பதில் அயலாட்சி வைத்த கண், நாம் பேணத் தவறிய நூல்களைப் பேணி வைத்தது. இங்கே கறையானும் ஈரமும் தின்றவை போக, அங்கே குளிர்நாட்டு அலமாரியில் உறங்கியவற்றையே பின்னாளில் நம் ஆய்வாளர்கள் நுண்படச் சுருளில் எடுத்துவந்து படித்தார்கள். நம் இலக்கியத்தின் முதல் அத்தியாயத்தை நாம் அயல்நாட்டிலிருந்து திரும்பப் பெற்றோம் என்பதைச் சொல்லும்போது எனக்குச் சிறிது நாணமும் உண்டாகிறது.

கடைவீட்டு அச்சகம்

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். சிராங்கூன் சாலையையும் அதன் கிளைத் தெருக்களையும் அறிந்தவர்களுக்கு, மளிகைக் கடைக்கும் பூக்கடைக்கும் நகைக் கடைக்கும் இடையே சிறிய அச்சகங்கள் இருந்தமை நினைவிருக்கும். கடைவீட்டின் கீழ்த்தளத்தில் எந்திரம். ஐந்தடிப் பாதையை ஒட்டிய மேசையில் உரிமையாளர். உட்புறத்தில் எழுத்துக் கோப்போர். சில வீடுகளில் மாடியிலே தாளும் கட்டுமானமும். உள்ளே கால் வைத்தால் மையின் வாடையும் மண்ணெண்ணெயின் வாடையும் முகத்தில் வந்து மோதும். வெளியே மல்லிகை மணக்கும்.

ஆங்கில அச்சுக் கோப்பவனுக்குப் பெரியதும் சிறியதுமாக ஐம்பத்திரண்டு எழுத்துகளும் சில குறிகளும் போதும். தமிழுக்கு அது போதாது. உயிர் பன்னிரண்டு, அகர மெய் பதினெட்டு, புள்ளி மெய் பதினெட்டு, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஏறிய வடிவங்கள் பதினெட்டுப் பதினெட்டாக எழுபத்திரண்டு, ஆய்தம், கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி, பழைய முறையில் ணா, றா, னா ஆகியவற்றுக்கும் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் தனித்தனி அச்சு, மேலும் கிரந்த எழுத்துகள். எல்லாம் கூட்டினால் நூற்றைம்பதை எளிதில் தாண்டும். இத்தனைக்கும் தனித்தனி அறை வேண்டும். ஆகவே தமிழ் கோப்பவர் தம்மைச் சுற்றிக் கேஸ்களை அடுக்கி, அவற்றின் நடுவே தவில்காரர் போல நிற்பார். எந்த அறையில் எந்த எழுத்து என்று அவர் கண் பார்ப்பதில்லை, கை அறியும். கம்போசிங் ஸ்டிக்கில் எழுத்துகள் தலைகீழாக இடமிருந்து வலமாக அடுக்கப்படும். தலைகீழ்த் தமிழை அவர் நாம் நாளிதழ் படிக்கும் வேகத்தில் படிப்பார்.

கோத்த வரிகள் காலிக்குச் செல்லும். காலியிலிருந்து முதற்படி எடுத்து மெய்ப்புத் திருத்துவார்கள். பிறகு பக்கம் பிரித்து, இரும்புச் சட்டத்துள் வைத்து, கட்டையும் ஆப்பும் செருகி இறுக்குவார்கள். அதுவே பாரம். மிதி எந்திரத்தில் ஏற்றி ஒவ்வொரு தாளாகக் கையாலே ஊட்ட வேண்டும்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்வது பொருந்தும். கிரௌன் எட்டில் ஒன்று அளவில் 96 பக்கமுள்ள கவிதை நூல் ஒன்று, 500 படிகள். ஒரு முழுத்தாள் இருபுறமும் சேர்ந்து 16 பக்கம் தரும். ஒரு நூலுக்கு 6 தாள். 500 நூலுக்கு 3,000 தாள். 500 தாள் ஒரு ரீம் என்பதால் சேதம் நீங்க 6 ரீம். சிறிய எந்திரத்தில் ஒருமுறைக்கு நான்கு பக்கமே ஏறுமானால் 24 பாரம். ஒவ்வொன்றுக்கும் 500 முறை. ஆக 12,000 தடவை எந்திரத்தின் வாய் திறந்து மூட வேண்டும். 12,000 தடவையும் ஒருவரின் கை அந்த வாய்க்குள் போய் வர வேண்டும். விரலிழந்த அச்சுத் தொழிலாளர் உலகெங்கும் இருந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

இத்தனையும் செய்து ஒரு கவிதை நூலால் அச்சகத்துக்கு என்ன ஊதியம் கிடைக்கும்? மிகச் சிறிதே. சிற்றச்சகத்தை வாழ வைத்தவை இலக்கிய நூல்களல்ல. கலியாண அழைப்பிதழ், காதணி விழா அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிவிப்பு, நாடகத் துண்டறிக்கை, கடைக்காரரின் ரசீதுப் புத்தகம், சங்கத்தின் ஆண்டறிக்கை, கருமாதிப் பத்திரிகை இவையே. சில்லறை வேலை என்று தொழிலில் இவற்றைச் சொல்வார்கள். எழுத்துக் கோப்பது அரை நாள், அச்சிடுவது அரை நாள், மறுநாள் காசு கைக்கு வந்துவிடும். நூலோ மாதக்கணக்கில் ஈயத்தை முடக்கிப் போடும். ஆசிரியரோ தவணை சொல்வார். இதை ஒளிக்காமல் சொன்னால், தேக்காவில் கலியாணம் செய்துகொண்ட ஒவ்வொரு மணமக்களும் தம்மை அறியாமலே சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதைக்கு ஒரு சிறு கொடை அளித்திருக்கிறார்கள்.

என் முதல் நூலை அச்சிட நான் அலைந்த நாள்கள் நினைவுக்கு வருகின்றன. எழுபதுகளின் இறுதி அது. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த அச்சகம். பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை. கையெழுத்துப் படியைப் புரட்டிப் பார்த்த முதலாளி, "ஆடி மாசத்துல வா தம்பி" என்றார். எனக்கு விளங்கவில்லை. ஆடியில் கலியாணம் கிடையாது. அழைப்பிதழ் வேலை இராது. எழுத்தும் ஆளும் சும்மா இருக்கும். அப்போதுதான் என் கவிதைகளுக்குக் காலம்! தைக்கும் வைகாசிக்கும் ஆவணிக்கும் முகூர்த்தம் பார்க்கும் தமிழன் தன் இலக்கியத்துக்கு ஆடியையும் மார்கழியையும் ஒதுக்கி வைத்தான் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

ஆடியில் போனேன். வேலை தொடங்கிற்று. மூன்றாம் நாள் எழுத்துக் கோக்கும் பெரியவர் என்னை அழைத்து, "தம்பி, 'ழ்' தீந்து போச்சு" என்றார். தமிழ், யாழ், வாழ்வு, ஊழ் என்று வரிக்கு வரி எழுதியிருந்தேன். கேஸில் இருந்த அத்தனை 'ழ்'களும் முதற் பாரத்திலேயே போய் நின்றுவிட்டன. "அண்ணே, அதுக்கு என்ன செய்யலாம்?" என்றேன். "இந்தப் பாரம் அடிச்சுப் பிரிச்சுப் போட்டாத்தான் அடுத்தது. இல்லேன்னா வேற சொல்லு போடுங்க. 'தமிழ்'னு இத்தனை தடவை சொல்லணுமா?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு அது எழுத்துக் கணக்கு. வீட்டுக்கு வந்து இரவு முழுதும் படித்துப் பார்த்தேன். ஏழு இடத்தில் அந்தச் சொல்லை எடுத்தேன். கவிதை கெடவில்லை. உண்மையைச் சொன்னால் சிறிது தேறிற்று. என் கவிதையை முதன்முதலில் திறனாய்வு செய்தவர் அந்தப் பெரியவரே.

அந்நூலில் பிழைகளும் இருந்தன. கடைசிப் பாரத்தின் மெய்ப்பு என் கைக்கு வரவே இல்லை. அதற்குள் ஆவணி பிறந்துவிட்டது! திருத்த அட்டவணை ஒன்றைத் தனித் துண்டாக அச்சிட்டு ஒவ்வொரு படியிலும் நானே ஒட்டினேன். அதிலும் ஒரு பிழை இருந்தது.

இந்த ஈயக் கணக்குக்குள் வேறொரு கடுமையான உண்மையும் ஒளிந்திருக்கிறது. சிற்றச்சகத்தில் எழுத்து குறைவு. ஆதலால் ஒரு பாரம் அச்சானவுடன் எழுத்துகளைப் பிரித்து மீண்டும் அறைகளிற் போட்டுவிடுவர். கடைசிப் பக்கம் அச்சாகும்போது முதற்பக்கத்தின் அச்சு உலகில் இல்லை. இரண்டாம் பதிப்பு வேண்டுமானால் முதலெழுத்திலிருந்து கோக்க வேண்டும். செலவு முழுதும் மறுபடி. பெரிய நிறுவனங்கள் பாரத்தை அச்சுத்தகடாக வார்த்து வைத்துக்கொள்ளும். நம்மவரால் அது இயலாது. ஆகவே இங்கே அச்சான 500 படிகளே அந்நூலின் முழு ஆயுள். அவை நண்பர் வீடுகளிலும் சங்க அலமாரிகளிலும் கிடந்து மட்கினால் நூலும் மறைந்தது. சிங்கப்பூர்த் தமிழ் நூல்களுள் மறுபதிப்புக் கண்டவை ஏன் இத்துணைச் சில என்று வினவுவோர் ஆசிரியர்களின் தரத்தைக் குறை கூறுவதற்கு முன் இதனை நினைத்தல் நன்று.

செய்தித்தாளின் பெரும்பணி

சிற்றச்சகத்தைப் பற்றி இவ்வளவு சொன்னபின் தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்களைச் சொல்லாது விடலாகாது. 1903இல் திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் வந்த அவர், 'முன்னேற்றம்' இதழில் பயின்று, 1935ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் 'தமிழ் முரசு' ஏட்டைத் தொடங்கினார். தொடக்கத்தில் வார ஏடு; விலை ஒரு காசு. பின்னர் நாளேடாயிற்று. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் நின்றது. போருக்குப் பின் மீண்டும் எழுந்தது. 'மாணவர் மணிமன்றம்' வழியே அது வளர்த்த இளைஞர்களே பின்னாளில் இந்நாட்டின் எழுத்தாளர் வரிசையை நிரப்பினார்கள். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்கு நூலகம் அமைக்க 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியதும் அவ்வேடே.

இவையெல்லாம் பலரும் எழுதியவை. அச்சின் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவது வேறு. நாளேடு என்பது ஒவ்வோர் இரவும் ஒரு சிறு நூலைக் கோத்து, அச்சிட்டு, பிரித்துப் போடுவதற்கு ஒப்பாகும். அதற்கு ஒரு படையளவு கோப்பாளர் வேண்டும். ஓரளவு படித்து, கடல் கடந்து வந்து, வேலை தேடி நின்ற தமிழ் இளைஞர் சிலருக்கு அந்தக் கேஸே பள்ளிக்கூடமாயிற்று. எழுத்தைக் கோத்துக் கோத்தே எழுத்துப்பிழையற எழுதக் கற்றவர்கள் உண்டு. தமிழவேள் 1974இல் மறைந்தார். அவர் குடும்பத்தார் நடத்தி வந்த ஏட்டை 1995இல் சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் ஏற்றது. அதற்குள் ஈயத்தின் காலம் முடிந்துவிட்டது.

முடித்து வைத்தவை இரண்டு. ஒன்று ஆப்செட் முறை. தட்டில் படமாக ஏறும் எதையும் அது அச்சிடும். எழுத்து வார்க்கப்பட்டதா, தட்டச்சா, கையெழுத்தா என்று அது கேட்பதில்லை. சப்பானிய அச்சு நிறுவனங்களும் உள்ளூர்ச் சீன நிறுவனங்களும் பெரிய எந்திரங்களை நிறுவி, வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு வண்ண நூல்களை அச்சிட்டு அனுப்பும் மையமாகச் சிங்கப்பூர் வளர்ந்தது. ஜூரோங்கில் உலகத்து நூல்கள் அச்சாகிக் கப்பலேறிய காலத்தில், சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் பலர் தம் நூலை அச்சிடச் சென்னைக்கு அனுப்பினார்கள் என்பது விந்தைதான். காரணம் எளிது: பெரிய எந்திரத்துக்குப் பெரிய எண்ணிக்கை வேண்டும், 500 படி அதற்கு ஒரு கவளமும் ஆகாது. சென்னையிலோ கோப்போரும் மெய்ப்புப் பார்ப்போரும் மிகுதி, கூலி குறைவு.

மற்றொன்று கணினி. அதற்கு முன்னுரையாக எழுத்துச் சீர்திருத்தத்தைச் சொல்ல வேண்டும். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாண்டு காட்டிய மாற்றம், அச்சுக்காரரின் அறைகளை எண்ணிப் பார்த்துச் செய்த மாற்றம். ணா, றா, னா முதலிய வடிவங்கள் பொதுமுறைக்கு வந்தால் அத்தனை தனி அச்சுகள் மிச்சம். 1978இல் தமிழக அரசு அதனை ஆணையாக்கியது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் ஏற்றன. ஆயினும் அச்சுக்கூடத்துக்கு எளிமை செய்ய எழுந்த அம்மாற்றம் நாடெங்கும் வழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே ஈய அச்சுக்கூடம் மறையத் தொடங்கிற்று. கணினிக்கு நூற்றைம்பது அறையும் ஒன்றுதான், ஆயிரம் அறையும் ஒன்றுதான்.

தமிழைக் கணினியில் ஏற்றியதில் சிங்கைக்குள்ள பங்கை நாம் பெருமையோடு சொல்லலாம். எழுத்தாளரும் ஆசிரியருமாகிய நா. கோவிந்தசாமி 'கணியன்' என்னும் எழுத்துருவையும் விசைப்பலகை முறையையும் அமைத்தார். 1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் உடன் ஏறியது. 1997இல் தமிழ் இணைய மாநாடு இந்நகரிலே கூடிற்று. 'சிங்கை நேச'னின் பழைய பக்கங்களைத் தேடி வாசித்த அதே மனிதர் கணினித் தமிழுக்கும் வழிகோலினார் என்பதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. மறைந்துபோன அச்சின் அருமையை அறிந்தவருக்கே அடுத்த அச்சின் அவசரம் புரியும். அவர் 1999இல், ஐம்பத்து மூன்றாம் அகவையை ஒட்டி, மறைந்தமை நமக்குப் பேரிழப்பு.

2015இல், நாட்டின் பொன்விழாவை ஒட்டி, 1965 முதல் அரைநூற்றாண்டில் வெளிவந்த ஏறத்தாழ 350 தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றன. சமூகத் தொண்டர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து செய்த அப்பணியில், வீடுகளிலும் பெட்டிகளிலும் கிடந்த நூல்கள் வெளிச்சத்துக்கு வந்தன. ஒரே படி மிஞ்சியிருந்த நூலுக்கும் இனி அழிவில்லை. 'சிங்கை நேச'னையும் பழைய 'தமிழ் முர'சையும் இன்று நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் எவரும் வீட்டிலிருந்தே புரட்டலாம். 1887இன் பக்கங்களைத் திரையிற் பெரிதாக்கிப் பார்க்கும்போது சில எழுத்துகள் தேய்ந்திருப்பதும், சில வரிகள் சற்றே ஏறி இறங்கியிருப்பதும் தெரிகின்றன. கோத்தவர் கையின் அசைவு அங்கே நின்றுவிட்டது.

எனினும் நூல்களும் நாளேடுகளும் மட்டுமே இவ்வாறு தப்பின. அச்சகத்தை வாழ வைத்த சில்லறை வேலைகள் பெரும்பாலும் தப்பவில்லை. கலியாணம் முடிந்த மறுநாள் அழைப்பிதழ் குப்பைக்குப் போகும். நாடகம் முடிந்தபின் துண்டறிக்கையில் கச்சான் மடிப்பார்கள். ஆனால் எந்த ஆண்டில் எந்தத் தெருவில் எந்த ஊரார் கூடி வாழ்ந்தார்கள், எந்த மண்டபத்தில் விழா எடுத்தார்கள், தம் பெயருக்குப் பின் சாதிப் பெயரை எப்போது விட்டார்கள், வடமொழி 'விவாக சுபமுகூர்த்தம்' எப்போது 'திருமண அழைப்பு' ஆயிற்று, ஆங்கிலம் எப்போது அட்டையின் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது ஆகியவற்றுக்கெல்லாம் அந்தத் தாள்களைவிட நேர்மையான சான்று வேறில்லை. அவற்றின் அடியிலும் சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயர் உண்டு. பல சிற்றச்சகங்கள் இருந்தமைக்கு அந்த ஒரு வரியே சான்றாக எஞ்சியிருக்கும்.

என் பெற்றோர் காலத்துப் பெட்டியொன்றில் மூன்று அழைப்பிதழ்களும் ஒரு தீமிதித் திருவிழா அறிவிப்பும் இருக்கின்றன. மஞ்சள் தடவிய மூலைகள் கறுத்துவிட்டன. ஒன்றில் மணமகனின் பெயரில் ஒரு புள்ளி விழவில்லை; அந்த எழுத்தின் தலை உடைந்திருக்கும். இக்கட்டுரையைப் படிப்போர் தம் வீட்டுப் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கிடைப்பது எதுவாயினும், முதலில் தாளின் அடிவரியைப் படியுங்கள்.